கத்திரிக்கு முன்னால்: புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு

சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரமாக வாழும் நமக்கு வெயிலைவிடப் புழுக்கம்தான் பெரிய தொல்லை. மதுரைக்காரர் 40 டிகிரியிலும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து சமாளித்துவிடுவார். நாம் 35 டிகிரியிலேயே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளத் தவிப்போம். நம் வீட்டு நாய்க்கு அதைவிட மோசம், ஆனால் அது வாய்விட்டுச் சொல்லாது. சித்திரை பிறந்தால் தெரிந்த பிள்ளைகளிடமிருந்து எனக்கு போன் வர ஆரம்பிக்கும். “நாய் ரொம்ப இரைக்குது, என்ன பண்றது?” என்பார்கள். பெரும்பாலும் கேட்க வேண்டிய நேரம் தாண்டியிருக்கும். இந்த வருடம் முதன்முதலாகக் குட்டி வாங்கியிருக்கும் தம்பி தங்கைகள் கத்திரி வெயில் தொடங்குமுன் ஒருதரம் இதைப் படித்துவிடுங்கள்.

1. நாயின் உடம்பு எப்படிக் குளிர்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நமக்கு உடம்பு முழுக்க வியர்க்கும். நாய்க்கு உள்ளங்காலில் மட்டும் லேசாக வியர்க்கும், அது எந்த மூலைக்கும் போதாது. அதற்கு இருக்கும் முக்கிய வழி இரைப்பது. நாக்கைத் தொங்கவிட்டு நிமிடத்துக்கு 300 தடவைகூட மூச்சு வாங்கும்போது நாக்கிலும் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கும் ஈரம் ஆவியாகி, இரத்தத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் இது நடக்காது. ஐப்பசி மழையில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடக்கிறதே, அதுதான் புழுக்கத்தில் நாயின் நாக்கிலும் நடக்கிறது. சூடு இறங்காததால் நாய் இன்னும் வேகமாக இரைக்கும். இரைப்பதும் தசைகளின் வேலைதான், அந்த வேலையே உள்ளே மேலும் சூட்டை உண்டாக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் இது தானாக நிற்காது. வெப்பத்தாக்கு என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கீழே நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஒன்றுதான்.

2. ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, நாய்க்கென்று தனியாக வையுங்கள். நாயின் இயல்பான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. நம்மைவிட எப்போதும் கூடுதல் என்பதால் கை வைத்துப் பார்த்து முடிவு செய்ய முடியாது. 104 தாண்டினால் உடனே குளிர்விக்க வேண்டும். 106-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. அதற்கு மேல் ஏற ஏறக் குடல், கல்லீரல், சிறுநீரகம், மூளை எல்லாமே சேதமாகத் தொடங்கும். நுனியில் வாசலின் தடவி ஆசனவாயில் ஓர் அங்குலம் வைத்துப் பார்க்க வேண்டும். நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே நாலைந்து தடவை பார்த்துப் பழக்கிவிடுங்கள். துடித்துக்கொண்டிருக்கும் நாயிடம் போய்ப் பழக முடியாது.

3. விடிகாலையில் நடத்திக் கூட்டிப்போங்கள், ஆனால் ஓடவிடாதீர்கள். காலை ஐந்தரை மணிக்கு வெயில் இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கடலோர ஊரில் காற்றின் ஈரப்பதம் உச்சத்தில் இருப்பது அந்த நேரத்தில்தான். சென்னையில் மே மாத விடியலிலும் பல நாள் 28 டிகிரிக்குக் கீழே இறங்காது. மெதுவாக நடந்துவிட்டு வர அது நல்ல நேரம். பந்து வீசி ஓடவிடுவதற்கும் சைக்கிளோடு ஓட்டிப்போவதற்கும் அது நல்ல நேரமே இல்லை.

இங்கிலாந்தின் ராயல் வெட்னரி காலேஜும் நாட்டிங்காம் ட்ரென்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வெப்பத்தால் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்த நாய்களில் சுமார் நான்கில் மூன்று, நடை, ஓட்டம், விளையாட்டு போன்ற உடலுழைப்பால்தான் பாதிக்கப்பட்டிருந்தன. பூட்டிய காருக்குள் மாட்டிக்கொண்டவை மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான். அந்தக் குளிர் தேசத்திலேயே கதை இப்படி என்றால், பெசன்ட் நகர் கடற்கரையில் வைகாசி மாதம் லாப்ரடாரை அரை மணி நேரம் பந்துக்குப் பின்னால் ஓடவிடுவதை என்ன சொல்வது? லாப்ரடார் தானாக நிற்காது. நீங்கள் வீசுகிற வரைக்கும் ஓடும், பிறகு விழும். நிறுத்த வேண்டியது உங்கள் பொறுப்பு. நடக்கும்போது நாயே நிழல் பார்த்துப் படுத்துவிட்டால் சங்கிலியைப் பிடித்து இழுக்காதீர்கள்.

4. மாலை நடைக்கு ஆறு மணி சீக்கிரம். சூரியன் இறங்கினாலும் தார் ரோடு சூட்டை விடாது. புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் ஆகாது.

5. நாயை மொட்டை மாடியில் கட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. “நிழலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் போட்டிருக்கோம்” என்பார்கள். பகல் இரண்டு மணிக்கு அந்தக் கூரையின் கீழே நீங்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். மேலே கூரை அனல் வீசும், கீழே கான்கிரீட் தகிக்கும், கைப்பிடிச் சுவர் இருக்கிற கொஞ்சக் காற்றையும் மறைக்கும். கட்டிய நாய் நிழல் நகர்ந்தால் கூடவே நகர முடியாது. சங்கிலி சுற்றித் தண்ணீர்ப் பாத்திரம் கவிழ்ந்துவிட்டால் சாயங்காலம் நீங்கள் வேலையிலிருந்து வரும்வரை அதற்குத் தண்ணீர் கிடையாது. இரவிலும் தளம் ஆறுவதற்குப் பாதி ராத்திரி ஆகிவிடும். காவலுக்கு என்றால் வாசலில் படுக்கட்டும். வீட்டுக்குள் விட முடியாதவர்கள் இந்த ஊரில் நாய் வளர்க்க வேண்டாம்.

6. வீட்டில் இருக்கும் மின்சாமான்களில் எது உதவும், எது உதவாது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏசி காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடுகிறது என்பதால் அது முதல் தரம். 27 டிகிரியில் வைத்தாலே போதும். மின்விசிறி நம் வியர்வையை உலர்த்துவதால்தான் நமக்குச் சுகமாக இருக்கிறது. வியர்க்காத நாய்க்கு வெறும் விசிறிக் காற்றால் அதிகப் பயன் இல்லை. ஆனால் வயிற்றையும் தொடை இடுக்கையும் தண்ணீரால் நனைத்துவிட்டு அதே விசிறியின் முன்னால் படுக்கவைத்தால் அருமையாக வேலை செய்யும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர்கூலரைக் கடலோர ஊர்க்காரர்கள் நாய்க்காக வாங்க வேண்டாம். வேலூரிலும் திருச்சியிலும் அது நல்ல சாமான். நம் ஊரில் பூட்டிய அறையில் அதை ஓடவிட்டால் இருக்கிற புழுக்கத்தோடு இன்னும் கொஞ்சம் ஈரத்தைச் சேர்க்கும்.

நாள் முழுக்க ஏசியிலேயே இருந்த நாயை நாலு மணிக்குத் திடீரென்று வெளியே கூட்டிப்போகாதீர்கள். வெயிலுக்கு உடம்பு பழகச் சில வாரங்களாவது ஆகும், முழுதாகப் பழக இரண்டு மாதம்கூட ஆகலாம். மலைப்பிரதேசத்திலிருந்து வந்த நாய்க்கும் குளிர்கால முடிவில் வாங்கிய குட்டிக்கும் அந்த அவகாசத்தைக் கொடுங்கள்.

7. மாடித் தொட்டித் தண்ணீரை நம்பாதீர்கள். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் பகல் முழுக்கக் காய்ந்த தண்ணீர், குளியலறைக் குழாயைத் திறந்தால் கை சுடும்படி வரும். நாய் மயங்கி விழுவதும் பெரும்பாலும் அதே பிற்பகல் நேரத்தில்தான். பதற்றத்தில் ஹோஸ் பைப்பைத் திறந்தால் முதலில் வருவது வெயிலில் கிடந்த குழாய்க்குள் இருந்த வெந்நீர். அதனால் பங்குனியிலிருந்து ஆனி வரை, காலையிலேயே இரண்டு பக்கெட் தண்ணீர் பிடித்து வீட்டுக்குள் நிழலான மூலையில் மூடி வையுங்கள். தினமும் சாயங்காலம் அதைச் செடிக்கு ஊற்றிவிடலாம். தொட்டியைத் தவிர கிணறோ, போரிலிருந்து நேரடிக் குழாயோ இருக்கும் வீட்டுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

8. குடிக்கும் தண்ணீர் ஒரே இடத்தில் இருந்தால் போதாது. சாதாரண நாளில் ஒரு நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 50 முதல் 60 மில்லி வேண்டும், அதாவது 20 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர் அல்லது அதற்குச் சற்று மேல். கோடையில் அதைவிட அதிகம் குடிக்கும். அடி அகலமான, கனமான மண்சட்டியோ கல்தொட்டியோ வையுங்கள், இரண்டு மூன்று இடங்களில். ஐஸ்கட்டி போட்டால் கெடுதல் இல்லை.

9. வண்டிக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். “பத்தே நிமிஷம், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டுத்தான் போறேன்” என்கிற பேச்சே வேண்டாம். மூடிய காருக்குள் அந்தப் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். ஜன்னலை இரண்டு விரல் இறக்குவதால் பெரிய வித்தியாசம் ஏற்படாது.

ரயிலில் கூட்டிப்போவதானால் முதல் வகுப்பு ஏசியில் கூபே முழுவதையும் பதிவுசெய்து உடன் கூட்டிப்போங்கள், அல்லது பயணத்தையே ஆடிக்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில் மே மாதத்தில் அனுப்புவதை நான் ஒப்ப மாட்டேன். வாயை இறுக்கி மூடும் நைலான் வாய்க்கட்டைக் கோடையில் தொடவே வேண்டாம். வாயைத் திறக்க முடியாத நாயால் இரைக்க முடியாது. கட்டியே ஆகவேண்டும் என்றால், உள்ளே வாயை நன்றாகத் திறக்க இடம் இருக்கும் கூடை மாதிரி வாய்க்கூடு வாங்குங்கள்.

10. எந்த நாய் என்பதைப் பொறுத்துப் பாதி ஆபத்து தீர்மானமாகிவிடுகிறது. பக், புல்டாக், ஷிட்சு, பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆவியாவதற்கான இடமே குறைவு. மூக்குத் துளை குறுகல், மேலண்ணத்தின் பின்பகுதித் தசை நீளம், மூச்சுவிடும் சத்தமே குறட்டை மாதிரி இருக்கும். அந்தக் குறட்டையை அழகு என்று வீடியோ எடுக்கிறார்கள். அது அந்த நாய் காற்றுக்குப் படும் பாடு. இவற்றை ஏப்ரல் முதல் ஜூலை வரை பகலில் வெளியே கொண்டுபோகவே கூடாது.

ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் போன்றவை பனிக்கென்று வந்த உடம்பு. 2024-ல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை பக், ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் உட்பட 11 வெளிநாட்டு இனங்களை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. சரியான முடிவு என்பது என் கருத்து. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் ஹஸ்கி என்ன பாவம் செய்தது? அதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது வாங்காதீர்கள்.

நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் குட்டை முடி, ஒல்லி உடம்பு, நீண்ட மூக்கு என்று இந்த மண்ணுக்குப் பொருந்தியவை. அதற்காக வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது என்று எண்ணி உச்சி வெயிலில் ஓடவிட்டால் அவையும் விழும். ராஜபாளையத்தின் வெள்ளை முடிக்குக் கீழே இருக்கும் இளஞ்சிவப்புத் தோல் வெயிலில் வெந்துபோகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வயதான லாப்ரடாரின் குரைப்புக் கம்மிப்போய், மூச்சு கரகரவென்று வந்தால் தொண்டை வாசல் சரியாகத் திறக்கவில்லை என்று பொருள். அதைக் கோடைக்கு முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். குண்டு நாயும் இந்த வரிசையில்தான் சேர்த்தி. கொழுப்பு உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது, மூச்சுக்கும் தடை. பாசத்தால் பிஸ்கட் போட்டுக் குண்டாக்கியவர்கள் தை மாதமே குறைக்க ஆரம்பிக்க வேண்டும்.

11. மொட்டை அடிக்காதீர்கள். இரட்டை முடி உள்ள நாய்க்கு உதிரும் அடிமுடியைச் சீவி எடுத்தாலே காற்று புகும். தோல் தெரிய மழித்தால் வெயில் நேரே தோலில் விழும்.

12. சாப்பாட்டை விடிகாலையிலும் இரவிலுமாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பில்லாத நீர்மோர் ஒத்துக்கொள்ளும் நாய்க்குக் கொடுக்கலாம், விதை நீக்கிய தர்பூசணித் துண்டும் தரலாம். தாளித்த மோரில் வெங்காயம் இருந்தால் கூடாது. வெங்காயமும் பூண்டும் திராட்சையும் நாய்க்கு விஷம்.

13. ஆபத்தின் அறிகுறிகளைக் கண்ணால் பழகிக்கொள்ளுங்கள். சாதாரணமாக இரைக்கும் நாய் நிழலில் படுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அடங்கிவிடும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். அடங்காமல் சத்தத்தோடு இரைப்பது, நாக்கு நுனி அகன்று தட்டையாகத் தொங்குவது, எச்சில் கெட்டியாகி நூல் நூலாக வடிவது, ஈறு செங்கல் நிறத்துக்குச் சிவப்பது ஆகியவை முதல் கட்டம். தள்ளாடுவது, கூப்பிட்டால் விழிப்பது, வாந்தி, இரத்தம் கலந்த பேதி, ஈறு வெளுப்பது அல்லது நீலம் பாய்வது, வலிப்பு ஆகியவை அடுத்த கட்டம். முதல் கட்டத்திலேயே நீங்கள் இறங்கி வேலை செய்ய வேண்டும். இன்னொன்று: உண்ணிக் காய்ச்சலிலும் சூடு ஏறும். கோடையில் இரண்டும் ஒன்றாக வருவதும் உண்டு. வெயிலில் போகாத நாய்க்கு இரண்டு மூன்று நாளாக மந்தமும் சூடும் இருந்தால் டாக்டர் இரத்தத்தைப் பார்க்கட்டும்.

14. விழுந்துவிட்டால் முதலில் குளிர்வியுங்கள், அப்புறம் வண்டி பிடியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் வைப்பதானால் இதை வையுங்கள். நாய் மயங்கியதும் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடுவதுதான் எல்லோரும் செய்வது. கோயம்பேட்டிலிருந்து வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் முழுக்க நாயின் குடலும் மூளையும் வெந்துகொண்டே இருக்கும்.

வீட்டுக்குள் தரையில் சாய்த்துப் படுக்கவையுங்கள். பெல்ட்டைக் கழற்றுங்கள். காலையில் பிடித்துவைத்த பக்கெட்டிலிருந்து மக்கால் தண்ணீரை மொண்டு வயிறு, தொடை இடுக்கு, அக்குள், கழுத்து, பாதம் என்று ஊற்றுங்கள். முடி அடர்ந்த நாயானால் விரலால் முடியை விலக்கித் தோல் நனையும்படி ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் மேலே வழிந்து ஓடிவிடும். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் டேபிள் ஃபேனை இழுத்துவந்து நேராக வையுங்கள். ஃபேன் தண்ணீர் படாத தூரத்தில், உலர்ந்த தரையில் இருக்கட்டும். கரண்ட் இல்லையென்றால் முறத்தால் விசிறுங்கள், அட்டையால் விசிறுங்கள். தண்ணீரும் காற்றும் சேர்ந்தால்தான் சூடு இறங்கும். நோயில்லாத இளம் நாயைக் கழுத்துவரை நல்ல தண்ணீர்த் தொட்டியில் இறக்கியும் வைக்கலாம், தலையைக் கையில் தாங்கிக்கொண்டு. வயதான நாய்க்கும் சப்பை மூக்கு நாய்க்கும் ஊற்றி விசிறுவதே நல்லது. குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அதிர்ச்சியில் செத்துப்போகும், வெதுவெதுப்பாகத்தான் ஊற்ற வேண்டும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். அது சரியில்லை என்று இப்போது கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். நாயின் உடம்பைவிடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் உதவும், தாமதம்தான் கொல்லும்.

இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பாருங்கள். 103.5 வந்ததும் நிறுத்திவிடுங்கள், அதன் பிறகும் ஊற்றினால் சூடு ஒரேயடியாக இறங்கிவிடும். இதற்குள் வீட்டில் இன்னொருவர் டாக்டருக்கு போன் செய்து வண்டியும் வரவழைத்திருக்க வேண்டும். வண்டியில் ஏசி போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். ஈரத்தைத் துடைக்காதீர்கள்.

15. அந்த நேரத்தில் செய்யக்கூடாதவை சில. ஈரத்துண்டைப் போர்த்திவிட்டு அப்படியே விடாதீர்கள். ஐந்து நிமிடத்தில் துண்டு உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டு கம்பளிபோல ஆவியை அடைத்துவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீரோ குளுக்கோஸோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். தெளிவாக இருந்து, தானாக நக்கிக் குடித்தால் குடிக்கட்டும். பாராசிட்டமால் மாத்திரை கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் இல்லை, மாத்திரையால் இறங்காது. மேலும் நாயின் கல்லீரலை அது கெடுக்கும்.

16. எழுந்து உட்கார்ந்து வாலை ஆட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெளியே தேறிய நாயின் உள்ளே இரத்தம் உறையும் தன்மை கெட்டுப்போயிருக்கலாம், சிறுநீரகம் அடிபட்டிருக்கலாம். ஒருநாள் கழித்தோ மூன்று நாள் கழித்தோ அது தெரியவரும். வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், கறுத்த சிறுநீர், இரத்தம் கலந்த மலம் இவற்றைப் பாருங்கள். இஸ்ரேலில் 1999 முதல் 2004 வரை வெப்பத்தாக்கோடு வந்த 54 நாய்களின் குறிப்புகளை ஆராய்ந்தார்கள். மருத்துவமனையில் சேர்த்தும் பாதி இறந்துபோயின. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாமதித்து வந்தவற்றுக்கும், குண்டாக இருந்தவற்றுக்கும் ஆபத்து கூடுதலாக இருந்தது. உங்கள் வீட்டிலிருந்து எந்த ஆஸ்பத்திரி பக்கம், அது ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் திறந்திருக்குமா, ராத்திரி டாக்டர் இருப்பாரா என்று இந்த வாரமே நேரில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். அதன் போன் எண்ணை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். நாயைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கும், வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் 14-ஆவது அறிவுரையைப் படித்துக் காட்டுங்கள். நாய் விழும்போது நீங்கள் ஆபீஸில்தான் இருப்பீர்கள்.

17. கத்திரி முடிந்தது என்று கைவிடாதீர்கள். சென்னையில் இதுவரை பதிவான உச்ச வெப்பமான 45 டிகிரி, 2003 மே 31 அன்று வந்தது. அதற்குள் கத்திரி முடிந்திருந்தது. மேல்காற்று பலமாக அடித்துக் கடற்காற்றை உள்ளே விடாத நாள்கள் ஜூன் மாதத்திலும் வரும். ஒரு மழை பெய்து விட்ட மறுநாள் பகல், வெயிலும் ஈரமும் சேர்ந்து வருவதால் இன்னும் மோசம்.

18. உங்கள் தெருவில் யாருக்கும் சொந்தமில்லாத நாய்கள் நாலைந்து இருக்கும். பகலில் அவை நிறுத்திய காருக்கு அடியிலும் சாக்கடை ஓரத்திலும் ஈரம் தேடிப் படுத்திருக்கும். விரட்டாதீர்கள். வண்டியை எடுக்குமுன் அடியில் குனிந்து பாருங்கள். கேட்டுக்கு வெளியே நிழல் விழும் பக்கமாக ஒரு சிமெண்ட் தொட்டியில் தண்ணீர் வையுங்கள். தினமும் காலையில் கவிழ்த்துத் தேய்த்துப் புதிதாக நிரப்புங்கள். ஒரு வாரம் மாற்றாமல் விட்ட தண்ணீரில் கொசு உண்டாகிவிடும், அதைக் காட்டியே தொட்டியை எடுக்கச் சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள்.